காலில் சுட்டிருக்கக் கூடாதா? காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டை நாம் விளங்கிக்கொள்ளும் விதம்

பழைய பெஞ்ச் கிளார்க் (குழித்துறை):

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில் நான் காலையில் தேநீர் குடிக்கும் கடையில், அண்டை மாவட்டம் ஒன்றில் கொலை வழக்கில் தேடப்பட்ட ஒருவரைக் காவலர்கள் சுட்ட செய்தியை மூன்று பேர் மூன்று விதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "சுட்டது சரிதான், கோர்ட்டுக்குப் போனால் இருபது வருடம் இழுக்கும்" என்றார். இன்னொருவர், "காலில் சுட்டுப் பிடித்திருக்கலாமே, உயிரை எதற்கு எடுக்க வேண்டும்" என்றார். மூன்றாமவர், "சுட அதிகாரம் இல்லையென்றால் போலீசுக்குத் துப்பாக்கி எதற்கு" என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் வழக்குக் கட்டுகளோடு காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். மூவரும் எதிரெதிராகப் பேசியபோதும், கொல்லும் அதிகாரம் ஒன்று காவல்துறைக்குத் தனியாக வழங்கப்பட்டிருக்கிறது என்ற ஒரே நினைப்பில் நின்றுகொண்டுதான் பேசினார்கள். ஒருவர் அதைப் பயன்படுத்தியதற்காக மெச்சுகிறார், ஒருவர் அளவு மீறியதாகக் குறைப்படுகிறார், அவ்வளவே வேறுபாடு.

அப்படி ஓர் அதிகாரம் நம் சட்டத்தில் இல்லை. காவலர் ஒருவர் தம்மை வெட்ட வந்தவரைச் சுட்டார் என்றால், அவர் சட்டத்தின் முன் வைக்கக்கூடிய காரணம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிற தொழிலாளி தன்னைக் கொல்ல வந்தவனைத் தாக்கினால் வைக்கும் அதே காரணம்தான். அதன் பெயர் தற்காப்பு உரிமை. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்த அது, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இடம் மாறியிருக்கிறது. எதிரியின் உயிர் போகும் அளவுக்கு அந்த உரிமை எப்போது நீளும் என்பதைப் பழைய 100 ஆம் பிரிவு, இப்போதைய 38 ஆம் பிரிவு சொல்கிறது: மரணமோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாக அஞ்சுவதற்கு இடம் இருக்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு துளி தீங்கும் செய்யக் கூடாது என்று அதற்கு முந்தைய பிரிவு வரம்பு கட்டுகிறது.

கைது செய்வதற்கான பிரிவு ஒன்றையும் பலர் தலைகீழாகப் படிக்கிறார்கள். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் மரணத்தை விளைவிக்க இந்தப் பிரிவு உரிமை எதையும் தரவில்லை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46 ஆம் பிரிவு சொன்னது. அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 43 ஆம் பிரிவு. இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் கொலைக்குற்றவாளியைச் சுட்டுக் கொல்லலாம்" என்று முடிவு கட்டுகிறவர்கள் வேலியைப் பார்த்து வாசல் என்று நினைக்கிறவர்கள். தெருவில் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகிறவன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவன் செய்த பறிப்புக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 304 ஆம் பிரிவு தரும் தண்டனை அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். ஓடுகிறான் என்ற ஒரே காரணத்துக்காக அவன் உயிரை எடுக்க அந்தக் கைதுப் பிரிவில் இடமில்லை.

இந்தத் துறையில் அனுபவமுள்ளவர்கள் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். "காலில் சுட்டிருக்கலாமே" என்ற கேள்விக்கு எனக்கே சரியான விடை தெரியவில்லை.

ஓய்வுபெற்ற எஸ்.எஸ்.ஐ. (தக்கலை):

ஐயா கேட்ட கடைசிக் கேள்வியை என் வீட்டிலேயே பலமுறை கேட்டிருக்கிறார்கள், ஆகவே சிறப்பு உதவி ஆய்வாளராக (எஸ்.எஸ்.ஐ.) இருந்த நானே தொடங்குகிறேன். துப்பாக்கிப் பயிற்சித் தளத்தில் எங்களுக்கு முன்னால் நிறுத்தப்படும் அட்டை உருவத்தில் நாங்கள் குறிபார்ப்பது நெஞ்சுப் பகுதியைத்தான், காலை அல்ல. கொல்ல வேண்டும் என்பதற்காக அல்ல. உடம்பில் அதிகம் அசையாத, அகலமான பகுதி அதுதான் என்பதற்காக. ஓடுகிறவனின் கால் ஒரு நொடியில் எத்தனை இடம் மாறுகிறது என்று யாராவது ஒருவரை முற்றத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். தளத்தில் அட்டை அசையாது, அட்டை நம்மை நோக்கி வெட்டோத்தியை (அரிவாளை) ஓங்காது, நம் கையும் நடுங்காது. அங்கே பத்துக்கு எட்டு அடிக்கிறவர் இரவு இரண்டு மணிக்கு ஒரு வாழைத்தோட்டத்தில் என்ன அடிப்பார் என்பது வேறு கணக்கு.

அமெரிக்காவில் நியூயார்க் நகரக் காவல்துறையைப் பற்றி ராண்ட் நிறுவனம் 2008 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் எண்ணைத் தருகிறது. 1998 முதல் 2006 வரையிலான நிகழ்வுகளில், எதிரியும் திருப்பிச் சுட்டபோது காவலர்கள் சுட்ட குண்டுகளில் நூற்றுக்குப் பதினெட்டு அளவே இலக்கைத் தொட்டன. எதிரி சுடாதபோதும் அது முப்பது அளவுதான். முழு உடம்புக்கே இந்தக் கணக்கு என்றால், தனியாகக் காலைக் குறிவைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். தவறிய குண்டு காற்றில் கரைந்துவிடாது. சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் நெருங்கி வாழும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், ஊர் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் வீடுகள் தொடர்ந்து போகும் சாலைகளில், அது யார் வீட்டுச் சுவரில் போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

"கத்திதானே வைத்திருந்தான், துப்பாக்கி எதற்கு" என்பது இரண்டாவது கேள்வி. 1983 இல் சால்ட் லேக் நகரக் காவல் பயிற்றுநரான டென்னிஸ் டுயெல்லர் செய்து காட்டிய கணக்கு ஒன்று உலகம் முழுவதும் காவல் பயிற்சிகளில் பேசப்படுகிறது: 21 அடி தொலைவில் கத்தியோடு நிற்கும் ஒருவர் ஏறத்தாழ ஒன்றரை நொடியில் நம்மை எட்டிவிடுவார். உறையிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்துச் சுடுவதற்கும் அவ்வளவு நேரம் பிடிக்கும். நம் ஊர் ஓட்டு வீடுகளின் முற்றத்தைவிட 21 அடி அதிகமில்லை. ஆனால் இந்தக் கணக்கை 21 அடிக்குள் வந்தவரையெல்லாம் சுடலாம் என்ற விதியாகப் படிப்பது தவறு. விலகி நில், இடையில் ஒரு வாகனத்தையோ மதிலையோ வைத்துக்கொள், தனியாகப் போகாதே என்று சொல்லத்தான் அது பயன்பட வேண்டும்.

இரவுப்பணி செவிலியர் (ஆசாரிப்பள்ளம்):

காலில் சுட்டால் உயிருக்கு ஆபத்தில்லை என்ற எண்ணத்தை மட்டும் திருத்திவிட்டுப் போகிறேன். தொடையின் உள்பக்கம் ஓடும் பெரிய தமனி கிழிந்தால், இரத்தத்தை அழுத்தி நிறுத்த யாரும் இல்லையென்றால், சில நிமிடங்களில் உயிர் போகும். குண்டு பட்ட தொடை எலும்பு சிதறினால் அதன் துண்டுகளே மேலும் குழாய்களைக் கிழிக்கும். சினிமாவில் காலில் குண்டு பட்டவர் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த காட்சியில் ஓடுகிறார். வார்டில் அப்படி ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஆனால் எஸ்.எஸ்.ஐ. ஐயாவிடம் ஒரு கேள்வி. காலைக் குறிவைத்துச் சுடுவது இயலாத காரியம் என்கிறீர்கள். அப்படியானால், "ஆயுதத்தைக் காட்ட அழைத்துச் சென்றபோது அரிவாளால் வெட்ட முயன்றார், காலில் சுட்டுப் பிடித்தனர்" என்று நாளிதழில் வருகிற செய்திகளில் எல்லாம் குண்டு எப்படி முழங்காலுக்குக் கீழே அவ்வளவு சரியாகப் படுகிறது?

ஓய்வுபெற்ற எஸ்.எஸ்.ஐ. (தக்கலை):

இந்தக் கேள்வி வரும் என்று எழுதும்போதே எதிர்பார்த்தேன். ஒவ்வொரு நிகழ்வையும் பற்றி இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல நான் முன்வரமாட்டேன். எதிரி கீழே விழுந்தபோது, மிக அருகில் நின்று சுட்டால் காலில் படுவது நடக்கக்கூடியதுதான். ஆனால் ஒரே விதமான காயம் ஒரே விதமான கதையோடு திரும்பத் திரும்ப வந்தால், விசாரிக்கிற அதிகாரி சுட்ட தொலைவையும் குண்டு நுழைந்த கோணத்தையும் அளந்து பார்க்கத்தான் வேண்டும். அளக்கக் கூடாது என்று சொல்கிற காவலர் நல்ல காவலராக இருக்க முடியாது. காவலில் இருந்தபோது கழிவறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லப்பட்டு, கையில் மாவுக்கட்டோடு நிற்கிறவர்களின் படங்களைப் பார்த்து ஊர் சிரிக்கும்போது, அந்தச் சிரிப்பு எங்கள் உடுப்பின் மேலும்தான் விழுகிறது.

தேங்காய்ப்பட்டணத்துக்காரன்:

நீங்கள் எல்லோரும் சட்டப்புத்தகத்துக்குள் உட்கார்ந்து பேசுகிறீர்கள். சாட்சி சொன்னவன் வீட்டின் முன்னால் இரவில் இருசக்கர வாகனம் வந்து நிற்பதைப் பார்த்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். பிணையில் வெளிவந்து அதே தெருவில் நடந்துபோகிறவனைப் பார்த்துக்கொண்டு வாழ வேண்டியவர்கள் ஏழைகள்தான். வழக்கு முடிவதற்குள் சாட்சிகளில் பாதிப் பேர் பிறழ்ந்துவிடுகிறார்கள், மீதிப் பேர் வளைகுடாவுக்குப் போய்விடுகிறார்கள். 2019 டிசம்பரில் ஐதராபாத்தில், பாலியல் வன்கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைச் சுட்டுக் கொன்ற காவலர்கள் மீது மக்கள் பூத்தூவியது அறியாமையால் அல்ல, களைப்பால். அந்தக் களைப்புக்கு உங்களிடம் என்ன விடை இருக்கிறது?

வடசேரி வழக்கறிஞர்:

களைப்பு உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் ஒரே வழக்குக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஏறி இறங்கிய தாய் ஒருவரை எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் சொன்ன ஐதராபாத் நிகழ்வின் மறுபாதியையும் சேர்த்துப் பேச வேண்டும். 2019 டிசம்பர் 6 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட நால்வரைப் பற்றி விசாரிக்க, ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி சிர்புர்கர் தலைமையில் உச்ச நீதிமன்றமே ஓர் ஆணையத்தை அமைத்தது. அதன் அறிக்கை 2022 இல் வெளிவந்தது. மரணத்தை விளைவிக்கும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுடப்பட்டார்கள் என்றும், நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும், காவல்துறையினர் பத்துப் பேர் மீது வழக்கு நடத்தப்பட வேண்டும் என்றும் ஆணையம் சொன்னது. பூத்தூவியவர்களில் எத்தனை பேர் இந்த அறிக்கையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள்? சுட்ட செய்தி முதல் பக்கத்தில் வருகிறது, அறிக்கை வந்த செய்தி ஏழாம் பக்கத்துக்குப் போகிறது. நம் புரிதல் முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறது.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் நம் மாநிலத்திலிருந்து மரம் வெட்டப் போன 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் செம்மரக் கடத்தல்காரர்கள் என்ற ஒற்றைச் சொல் அவர்களுக்கு முன்னால் ஓடிவந்து நின்றுகொண்டது. இறந்தவருக்கு முதலில் என்ன பெயர் சூட்டப்படுகிறதோ, அதைத் தாண்டி யாரும் யோசிப்பதில்லை.

சட்ட நிலையைச் சொல்கிறேன். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23 அன்று பதினாறு நெறிமுறைகளை வகுத்தது. குற்றவாளியின் நடமாட்டம் பற்றித் துப்புக் கிடைத்தால் அதை எழுத்தில் பதிய வேண்டும். துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து தாமதமின்றி நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். சுட்ட குழுவினர் தங்கள் வழக்கைத் தாங்களே விசாரிக்க முடியாது, சி.ஐ.டி.யோ வேறொரு காவல் நிலையத்தின் குழுவோ, அதுவும் சுட்ட குழுவின் தலைவரைவிட ஒரு படியாவது உயர்ந்த அதிகாரியின் மேற்பார்வையில், விசாரிக்க வேண்டும். பிரேதப் பரிசோதனையை இரண்டு மருத்துவர்கள் செய்து அதைப் படமாக்க வேண்டும். நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணை கட்டாயம். சுட்டவரின் துணிவு ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்படும் வரை வரிசையை மீறிய பதவி உயர்வோ உடனடி விருதோ கூடாது. செவிலியர் அம்மா கேட்டதற்கும் அந்தத் தீர்ப்பிலேயே விடை உண்டு: இந்த நெறிமுறைகள் மரணத்துக்கு மட்டுமல்ல, கொடுங்காயத்துக்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காலில் சுட்டுவிட்டால் கணக்குக் கேட்க ஆளில்லை என்று நினைப்பது தவறு.

ஒரு சூட்சுமத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். "சம்பவம் குறித்து வழக்குப் பதிவு செய்யப்பட்டுள்ளது" என்ற வரியைப் படித்தவுடன், காவலர் மீதும் வழக்குப் போட்டுவிட்டார்கள், நியாயம் நடக்கும் என்று வாசகர் நினைத்துக்கொள்கிறார். பெரும்பாலும் அந்த வழக்கு இறந்துபோனவர் மீதுதான். காவலரைக் கொல்ல முயன்றதாகப் போடப்படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இல்லாததால் அது அப்படியே முடிந்தும் போகிறது. தற்காப்பு என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 105 ஆம் பிரிவிலிருந்து வருகிற கொள்கை. இறந்தவர் மேல் மட்டும் வழக்கு இருந்தால், அந்தச் சுமையைச் சுமக்க வேண்டியவர் நீதிமன்றத்தின் படியே ஏறுவதில்லை.

தேங்காய்ப்பட்டணத்துக்காரன்:

இறந்தவர் மீதே வழக்கு என்பது எனக்குத் தெரியாது. இவ்வளவு காலம் அந்த வரியை நான் வேறு விதமாகத்தான் படித்து வந்திருக்கிறேன். ஆனால் களைப்பைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் விடை வரவில்லை.

ஓய்வுபெற்ற எஸ்.எஸ்.ஐ. (தக்கலை):

அதற்கு நான் விடை சொல்ல முயல்கிறேன், ஏனென்றால் அந்தக் களைப்பு எங்களுக்கும் உண்டு. 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த வாரம் எங்களில் பலர் என்னென்ன பேசினார்கள் என்று இங்கே எழுதினால் தேங்காய்ப்பட்டணத்துத் தம்பி எங்களோடு சேர்ந்துகொள்வார். ஆனால் நடந்தது என்ன? தேடப்பட்ட இருவரும் சில நாட்களில் கர்நாடகத்தின் உடுப்பியில் உயிரோடு பிடிபட்டார்கள். பிறகு வழக்கு தேசிய புலனாய்வு முகமைக்குப் போனது. அவர்களை அன்றே சுட்டிருந்தால் எங்கள் ஆத்திரம் தீர்ந்திருக்கும். துப்பாக்கி எங்கிருந்து வந்தது, தங்க இடம் கொடுத்தவர் யார், பின்னால் நின்றவர்கள் யார் என்று கேட்பதற்கு ஆள் இருந்திருக்க மாட்டார்கள். செத்தவன் வாக்குமூலம் கொடுப்பதில்லை. பெரிய ஆட்களுக்குச் சில நேரம் அதுதான் வேண்டியிருக்கிறது என்பதையும் முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் கற்றுக்கொண்டேன்.

கடலோரவாசி (குளச்சல்):

இவ்வளவு நேரமும் ரவுடி, குற்றவாளி, தேடப்பட்டவர் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கள் கடற்கரையில் துப்பாக்கிச் சூடு என்றால் பெரியவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1982 மார்ச் 1 அன்று மண்டைக்காட்டில் காவல்துறை சுட்டதில் மீனவர்கள் இறந்தார்கள். அந்தக் கலவரங்களை நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. யார் தொடங்கியது என்ற பழைய சண்டையை இங்கே கிளற நான் வரவில்லை, தயவுசெய்து யாரும் கிளறவும் வேண்டாம். கூட்டத்தின் மேல் சுடுவதற்கும் தனி ஒருவரைச் சுடுவதற்கும் விதிகள் வேறா என்பது மட்டும்தான் என் கேள்வி. வானத்தை நோக்கிச் சுட்டு எச்சரிக்காமல் ஏன் நேராகச் சுடுகிறார்கள் என்று என் பாட்டி இறக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய பெஞ்ச் கிளார்க் (குழித்துறை):

வேறுதான். சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைப்பது பழைய நடைமுறைச் சட்டத்தின் 129 ஆம் பிரிவு, இப்போது 148. நிர்வாக நடுவரோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ முதலில் கலைந்து போகும்படி ஆணையிட வேண்டும், கலையாவிட்டால்தான் பலப்பிரயோகம். எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி என்று படிப்படியாக ஏற வேண்டிய ஏணி அது. துப்பாக்கி கடைசிப் படி. சுட்டாலும் குறி தாழ்ந்திருக்க வேண்டும், கூட்டத்தில் மிக அச்சுறுத்தும் பகுதியை நோக்கியிருக்க வேண்டும், கூட்டம் கலையத் தொடங்கியவுடன் நிறுத்திவிட வேண்டும்.

உங்கள் பாட்டியின் கேள்விக்கான விடை பலருக்கும் வியப்பாக இருக்கும்: தலைக்கு மேலோ வானத்தை நோக்கியோ சுடக் கூடாது என்பதுதான் கூட்டங்கள் தொடர்பாகக் காவல்துறைக்கு வகுக்கப்பட்ட விதி. மேலே போன குண்டு எங்கோ கீழே வந்தாக வேண்டும்; தொலைவில் மொட்டை மாடியில் துணி உலர்த்துகிற, கலவரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரின் மேல் அது விழலாம். அது மட்டுமல்ல, வானத்தை நோக்கிச் சுடலாம் என்று அனுமதித்தால் துப்பாக்கியை எடுப்பது எளிதாகிவிடும். உயிருக்கு ஆபத்து என்ற நிலை வராமல் விசையில் விரல் போகவே கூடாது என்பதுதான் அந்த விதியின் உள்நோக்கம். மக்கள் இரக்கம் என்று எண்ணிக் கேட்பதைச் சட்டம் அலட்சியம் என்று எண்ணித் தடுக்கிறது.

இந்த விதிகள் மீறப்பட்டால் எப்படியிருக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆட்சியர் அலுவலகப் பூங்காவுக்குள் மறைந்து நின்று சுட்டதையும், ஓடிக்கொண்டிருந்தவர்கள் சுடப்பட்டதையும் அது பதிவு செய்தது; காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. நெடுந்தொலைவு பாயும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கியைக் கூட்டத்தின் மேல் பயன்படுத்தியது பற்றியும் அப்போது நிறையப் பேசப்பட்டது. முதுகுப்பக்கம் குண்டு பட்டவரை முன்னிட்டுத் தற்காப்பு என்று வாதாடுவது மிகக் கடினம். தற்காப்பின் இலக்கணமே நம்மை நோக்கி வருகிற ஆபத்துதானே.

சட்டக்கல்லூரி மாணவி (அருமனை):

ஐயா, கூட்டத்தின் மேல் நடந்த சூடு என்றால் புதுக்கடையைச் சொல்லாமல் எப்படி இந்த இழை முடியும்? எங்கள் பள்ளியில் நினைவு நாளன்று மாலை போட அழைத்துப் போவார்கள். யார் சுட்டார்கள், ஏன் சுட்டார்கள் என்று யாரும் சொன்னதில்லை.

பழைய பெஞ்ச் கிளார்க் (குழித்துறை):

அந்தக் குறையை ஓரளவு தீர்த்துவிடுகிறேன் மகளே, ஏனென்றால் இந்தப் பொருளுக்கு அதைவிட நெருக்கமான வேறொரு நிகழ்வு நம் மாவட்டத்தில் இல்லை. 1954 ஆகஸ்ட் 11. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரி, மார்ஷல் நேசமணியைத் தலைவராகக் கொண்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அன்று விடுதலை நாள் கொண்டாட அழைத்திருந்தது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் பலர் உயிரிழந்தார்கள். அப்போதைய முதலமைச்சர் பிரஜா சோசலிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பட்டம் தாணுப்பிள்ளை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, நாம் தமிழகத்தோடு சேர்ந்தோம். இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

பாடப்புத்தகத்தில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. அன்று பட்டத்தின் பிரஜா சோசலிஸ்ட் கட்சிக்குப் பொதுச்செயலாளராக இருந்தவர் ராம் மனோகர் லோகியா. துப்பாக்கிச் சூட்டுச் செய்தி எட்டியபோது அவர் வடக்கே சிறையில் இருந்தார். இந்தியாவில் அந்தக் கட்சிக்குக் கிடைத்திருந்த ஆட்சி அது. ஆனாலும் சுடப்பட்டு மக்கள் இறந்திருக்கிறார்கள் என்ற காரணத்துக்காகத் தம் கட்சியின் அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்று அங்கிருந்தே கோரினார். பட்டம் மறுத்தார், கட்சி பட்டத்தின் பக்கம் நின்றது, அந்தப் பிளவு ஆறவேயில்லை, 1955 முடியும்போது லோகியா தனிக்கட்சி காணும் நிலைக்கு வந்துவிட்டார். நம் புதுக்கடைச் சந்தியில் விழுந்த குண்டு ஓர் அகில இந்தியக் கட்சியை இரண்டாக்கியது என்று சொன்னால் மிகையில்லை.

நான் இதை லோகியாவைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. காவல்துறையே இல்லாத அரசு நடக்காது என்று பட்டத்தின் தரப்பில் சொன்னவர்களிடமும் நியாயம் இருந்தது. அவர்கள் சண்டையிட்ட கேள்வி எது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். செத்தவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பது அங்கே கேள்வியாக இல்லை. சுடும் நிலைக்கு ஓர் அரசு வந்து சேர்ந்தது எப்படி, அதற்கு யார் பதில் சொல்வது என்பதுதான் கேள்வியாக இருந்தது. இன்று நம் தேநீர்க்கடைகளில் சுடப்பட்டவரின் மேல் எத்தனை வழக்குகள் இருந்தன என்பதிலிருந்துதான் பேச்சே தொடங்குகிறது. அவர் மேல் இருபது வழக்குகள் இருந்தன என்பது அந்த நொடியில் அவர் கையில் வெட்டோத்தி இருந்ததா என்ற கேள்விக்கு விடையாகாது.

வடசேரி வழக்கறிஞர்:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த நொடியை மட்டும் பார்ப்பதும் போதாது. வெட்டோத்தி கையில் இருந்தது, சுட்டார், சரி என்று முடித்துவிடலாம். ஆனால் விலங்கோ போதிய பாதுகாப்போ இல்லாமல், இருட்டில், ஆயுதம் ஒளித்து வைத்த இடத்துக்கே அவரை அழைத்துப் போனவர் யார்? ஆயுதத்தைக் கைப்பற்ற வேண்டுமானால் பகலில், சாட்சிகளோடு போயிருக்கக் கூடாதா? அந்த இடத்தை முன்கூட்டியே சோதித்தார்களா? நொடியில் எடுத்த முடிவுக்காகக் காவலரைக் கடுமையாகத் தீர்ப்பிடக் கூடாது என்பதில் நான் எஸ்.எஸ்.ஐ. ஐயாவின் பக்கம் இருக்கிறேன். அந்த நொடி வரும்படி மணிக்கணக்கில் செய்யப்பட்ட ஏற்பாடுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஓய்வுபெற்ற எஸ்.எஸ்.ஐ. (தக்கலை):

இதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. திட்டமிடுகிறவர் ஒருவர், இருட்டில் போய் நிற்கிறவர் இன்னொருவர், விசாரணையில் கூண்டேறுகிறவரும் பெரும்பாலும் அந்த இன்னொருவரே என்பதையும் வழக்கறிஞர் எழுதியிருக்கலாம்.

சட்டக்கல்லூரி மாணவி (அருமனை):

கடைசியாக ஒரு கேள்வி. நடுவர் விசாரணை என்கிறீர்களே, அதில் பொதுமக்கள் போய்ச் சொல்ல முடியுமா? அது நடப்பது எப்படித் தெரியும்?

பழைய பெஞ்ச் கிளார்க் (குழித்துறை):

முடியும். நிர்வாக நடுவர் விசாரிப்பதென்றால் நம் பக்கத்தில் அது நாகர்கோவில் கோட்டாட்சியரிடமோ பத்மநாபபுரம் சார் ஆட்சியரிடமோ வரும். இந்தச் சம்பவம் பற்றித் தெரிந்தவர்கள் இன்ன நாளில் இன்ன இடத்தில் நேரிலோ எழுத்திலோ தெரிவிக்கலாம் என்று அறிவிப்பு வெளியிடுவது வழக்கம். நாளிதழின் உள்பக்கத்தில், ஏல அறிவிப்புகளுக்கும் காணவில்லை விளம்பரங்களுக்கும் நடுவே, நான்கு விரல் அகலத்தில் இருக்கும். இன்று காலை கடையில் அந்தச் செய்தி வந்த நாளிதழின் முதல் தாள் மூன்று மேசைகளுக்கும் போய்க் கசங்கித் திரும்பி வந்தது. உள்தாள் வடை எடுத்துக் கொடுக்கக் கிழிக்கப்பட்டிருந்தது. நாளை முதல் அதை எனக்காகக் கிழிக்காமல் எடுத்து வைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அறிவிப்பு வந்தால் இங்கே பதிகிறேன்.